விரல்கள் கண்டுபிடித்த விடை!

குட்டீஸ்... 'புராஜெக்ட்' என்றதும் கடைக்கு ஓடி, படம் வாங்கி ஒட்டுபவரா நீங்கள்? அப்படியானால், இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், 1896ல் ஒரு பள்ளியைத் தொடங்கினார், கல்வியாளர் ஜான் டூயி. அங்கே, துணி உருவான கதையைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பருத்தியையும், ஆட்டு ரோமத்தையும் மாணவர் கையிலேயே கொடுத்துவிட்டனர்.

ஒரு குழுவினர் பருத்திக் காயிலிருந்து விதையை நீக்கி, பஞ்சைப் பிரித்தனர். அரை மணி நேரம் பாடுபட்டும் கிடைத்தது, ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் கூட இல்லை! தங்கள் முன்னோர், பருத்தியை விட்டுக் கம்பளி ஆடை உடுத்தியது ஏன் என்பது, அப்போதே புரிந்துவிட்டது.

உங்கள் அடுத்த புராஜெக்ட்டை, 'ஏன்' என்ற கேள்வியோடு துவங்குங்கள். கையால் செய்து பார்த்துக் கற்றது, பரீட்சை முடிந்தாலும் மறக்காது!