ராஜப்பிளவையும் அடைக்கல அன்னையும்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அருகில் அமைந்துள்ள ஏலாக்குறிச்சியை அரியலூர் மாவட்டத்தாருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இத்தாலியில் பிறந்து, தமிழ் மண்ணில் தமிழ்ப் புலவராகவே வாழ்ந்த வீரமாமுனிவர், அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்குள்ள அடைக்கல அன்னையைப் பாட்டுடைத் தலைவியாகக் கொண்டு திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். காவல், அடைக்கலம் ஆகிய இரண்டு சொற்களும் அச்சத்திலிருந்து பிறந்தவை. அஞ்சுகிறவனே அடைக்கலம் தேடுவான். மருத்துவமனைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். எம் பொதுமருத்துவப் பிரிவில் ஒரு கட்டிலில் ஏலாக்குறிச்சிச் செபமாலை தொங்கும். அடுத்த கட்டிலில் தலையணைக்கு அடியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் இருக்கும். இரண்டையும் நாங்கள் அகற்றச் சொல்வதில்லை.

ஏலாக்குறிச்சியைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. அரியலூரை ஆண்ட மழவராயர் ஒருவருக்கு முதுகில் ராஜப்பிளவை கண்டது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், வீரமாமுனிவர் அன்னையை வேண்டிக்கொண்டு, அவ்வூர் மண்ணைக் குழைத்துப் புண்ணின்மேல் பூசினார் என்றும், புண் ஆறியது என்றும், மனம் நெகிழ்ந்த மன்னர் திருத்தலத்துக்கு நிலம் அளித்தார் என்றும் கூறுவர். இச்செய்தியை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ நான் இங்கு முற்படவில்லை. ஆயினும் நீரிழிவு நோயாளர்களை நாள்தோறும் காண்கின்ற மருத்துவர் எவருக்கும் ராஜப்பிளவை என்ற சொல் காதில் விழுந்தவுடன் ஒரு கேள்வி எழும்: மன்னருக்குச் சர்க்கரை நோய் இருந்திருக்குமோ?

பிளவை என்பது ஒற்றைக் கட்டியன்று. அருகருகே உள்ள பல மயிர்க்கால்களில் ஒரே நேரத்தில் சீழ் பிடித்து, தோலுக்கு அடியில் அவை ஒன்றோடொன்று இணைந்து, மேலே பல கண்களாகத் திறப்பதே பிளவை. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிரியால் வருவது. தோல் தடித்த பிடரியும் மேல்முதுகும் அதற்கு உகந்த இடங்கள். முதுகில் தோன்றுவதால் நோயாளர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. கொப்புளம் என்று எண்ணிச் சில நாட்களைக் கடத்திவிடுவார். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுகிறது, புண் பரவுகிறது, கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் கண்டறியப்பட்டது 1921-இல், பென்சிலின் 1928-இல். அவற்றுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் முதுகில் பிளவை கண்ட ஒருவர் பிழைத்து எழுந்தார் எனில், அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் அதை இறைவனின் இரக்கம் என்று சொன்னதில் வியப்பென்ன? இன்றைக்கும், அறுவை செய்து சீழ் அகற்றி, இன்சுலின் செலுத்தி, மூன்று வாரம் கட்டுப் போட்டு அனுப்பும்போது நோயாளர் அதே சொல்லைத்தான் சொல்கிறார். நான் அதைத் திருத்துவதில்லை.

ஒன்றை மட்டும் திருத்துகிறேன். திருத்தலத்தின் மண்ணை வீட்டில் வைத்துப் போற்றலாம், நெற்றியில் இட்டுக்கொள்ளலாம். திறந்த புண்ணில் இடலாகாது. இரணஜன்னியை உண்டாக்கும் கிருமி மண்ணில்தான் வாழ்கிறது. எந்த ஊர் மண்ணுக்கும் இது பொருந்தும்.

இரக்கம் என்ற சொல்லுக்கு வருவோம். எபிரேய மொழியில் இறைவனின் இரக்கத்தைக் குறிக்கும் ரஹமிம் என்னும் சொல்லும், கருப்பையைக் குறிக்கும் ரெஹெம் என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நற்செய்தி நூல்களின் கிரேக்க மூலத்தில், நோயாளரைக் கண்டு இயேசு மனமிரங்கினார் என்னும் இடங்களில் ஆளப்படும் வினைச்சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெற்ற வயிறு துடிக்கிறது என்று நம் தாய்மார்கள் சொல்வதை அறிந்த தமிழருக்கு இதற்கு உரை தேவையில்லை. அவசரப் பிரிவின் வாயிலில் இரவு இரண்டு மணிக்கு நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கும் தேவையில்லை.

ஆயினும் நோயாளர் பலர் நம்புவது வேறொரு இறைவனை. "என்ன பாவம் செய்தேனோ, இப்படி வந்து படுத்துவிட்டேன்" என்னும் சொல்லைக் கேளாமல் எந்த வாரமும் கழிவதில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் பெரம்பலூர் உழவரும் சொல்கிறார். அரியலூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளியும் சொல்கிறார். கால்விரல் அகற்றப்பட்டவரும் சிறுநீரகம் செயலிழந்தவரும் தம் நோயை ஒரு தண்டனையாகவே கருதுகின்றனர். மருத்துவ நோக்கில் இது வெறும் மனவேதனையன்று. தண்டனை என்று எண்ணுகிறவர் அதை அனுபவித்துத் தீர்க்க முயல்கிறார், மாத்திரையைத் தவிர்க்கிறார், மறுபரிசோதனைக்கு வருவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைச் சுட்டி, இது யார் செய்த பாவம், இவருடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் வினவியபோது, இயேசு இரண்டையும் மறுத்தார் என்று யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்பகுதியை அறிந்தோர் பலர். நோய் வந்த வேளையில் நினைவுகூர்வோர் சிலரே. ஊன்றிப் படிக்குமாறு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மீட்பு என்பதற்குரிய கிரேக்க வினைச்சொல்லான சோசோ, மீட்டல், நலமாக்கல் ஆகிய இரு பொருளையும் தருவது. இதைக்கொண்டு, நம்பிக்கை இருந்தால் உடல்நலம் உறுதி என்று சிலர் போதிக்கின்றனர். அப்படியானால் குணமாகாதவருக்கு நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். முற்றிய புற்றுநோயோடு போராடும் ஒருவரிடம் இதைச் சொல்வதைவிடக் கொடிய செயல் அரிது. நலமாக்கப்பட்டோர் அனைவரும் பின்னொரு நாள் இறக்கவே செய்தனர், லாசர் உட்பட. கிறிஸ்தவம் சொல்லும் மீட்பு அந்த இறப்புக்கு அப்பாலும் கைவிடாத ஓர் உறவைப் பற்றியது. இதை நான் மருத்துவ அறிவால் சொல்லவில்லை. நம்பிக்கை உடையவன் என்ற நிலையில் சொல்கிறேன்.

இனி, இந்த இரக்கத்தைப் பிறருக்கு எடுத்துரைப்பது பற்றி. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே வாழ்ந்து தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட ஒருவர் நலமடைகிறார். அவர் இயேசுவோடு படகேற விரும்புகிறார். இயேசு உடன்படவில்லை. உன் வீட்டாரிடம் போய், ஆண்டவர் உனக்கு இரங்கியதைத் தெரிவி என்னும் கருத்தில் அனுப்பிவைக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீண்ட நாள் மனநோயால் வாடியவர் தெளிந்து வீடு திரும்பினால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே வீட்டாருக்குச் செய்தி தெரிந்துவிடும். அவரிடம் கோட்பாடு ஏதும் இல்லை. தனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்ல வேண்டும். அதுவும் தன்னை அறிந்தவர்களிடம்.

வீரமாமுனிவர் இத்துறையில் ஆழமாகச் சிந்தித்தவர். 1680-இல் பிறந்து, 1710-இல் கோவா வந்து சேர்ந்து, மதுரை மறைத்தளத்தில் உழைத்த அவர், ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் தங்கினார். ஊர் ஊராகச் சென்று மறையறிவிக்கும் வேதியர்களுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். தலைப்பிலேயே ஒழுக்கம் என்னும் சொல் நிற்பதைக் காண்க: சொல்லப்படும் செய்திக்கு முன் சொல்கிறவரின் நடத்தை வருகிறது. மக்களின் மொழியைக் கற்காமல் அவர்களிடம் இரக்கத்தைப் பற்றிப் பேச இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். தேம்பாவணியும் 1732-இல் தொகுக்கப்பட்ட சதுரகராதியும் அதற்குச் சான்று. (பரமார்த்த குருவின் கதையும் அவருடையதே. சிகிச்சைக்காக நாட்கணக்கில் படுத்திருப்போர் அதை வாங்கிப் படிக்கலாம். சிரிப்புக்கு மருத்துவத் தடை ஏதும் இல்லை.) தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய எழுத்துப் போரில் இந்தக் கனிவு குறைவாகவே தென்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரக்கத்தைப் பற்றிய விவாதத்தில் இரக்கம் காணாமற்போவது அக்காலத்தோடு முடிந்த வழக்கமன்று.

நோயாளர் கட்டிலருகே இச்செய்தியைப் பகிர்வதில் தனி எச்சரிக்கை வேண்டும். தெருவில் நிற்பவர் விருப்பமில்லாவிடில் நகர்ந்துவிடுவார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயும் கையில் குளுக்கோஸ் ஊசியும் உள்ளவர் எங்கே போவார்? ஆகவே முதலில் அனுமதி கேளுங்கள். அதுவும், மறுக்க முடியும் என்று அவர் உணரும் வகையில் கேளுங்கள். வலி மிகுந்த வேளையிலும், மயக்க மருந்தின் தாக்கம் தீராத வேளையிலும் கேட்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் செபியுங்கள் என்று எவரேனும் சொன்னால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். சொன்னவர் எந்தச் சபையினர், எந்தச் சமயத்தினர் என்பது பொருட்டன்று. இந்திய அரசமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி ஆகியவற்றோடு உடல்நலத்துக்கும் உட்பட்டே அந்த உரிமையைத் தருகிறது. அந்த வரம்பு மருத்துவமனையில்தான் முழுப் பொருள் பெறுகிறது என்பது என் கருத்து.

மற்றொன்று, என்னை நீண்ட காலமாக உறுத்துவது. கத்தோலிக்கக் குடும்பத்தார் குருவானவரை அழைக்கத் தயங்குகின்றனர். "சாமியாரைப் பார்த்தால் அப்பா பயந்துவிடுவார்; முடிந்துபோயிற்று என்று நினைப்பார்" என்கிறார்கள். அவஸ்தைப் பூசுதல் என்னும் பழைய பெயர் தந்த அச்சம் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இச்சடங்கைப் புதுப்பித்தார். இப்போது அதற்கு நோயில் பூசுதல் என்று பெயர். இறக்கும் தறுவாயில் மட்டும் அன்று; கடும் நோயுற்ற எவரும் பெறலாம்; பெரிய அறுவைக்கு முன் பெறலாம்; நோய் மீண்டும் தாக்கினால் மறுபடியும் பெறலாம். நினைவு தப்பிய பிறகு அவசரமாக அழைப்பதால், நோயாளர் தாமே வாய் திறந்து செபிக்கும் வாய்ப்பை இழக்கிறார். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்: மகனும் மகளும் தயங்கித் தயங்கி மூன்றாம் நாள் சொல்லும்போது, "இதற்காகத்தானே காத்திருந்தேன்" என்று தந்தை சொல்லிவிடுவார். நோயாளருக்கு அச்சம் இருக்கிறதா, இல்லையா என்பதை அவரிடமே கேட்டறிவதே நேரிய வழி.

திருப்பயணம், நோன்பு ஆகியவை பற்றி வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறார்கள். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும் காலத்தில், காவியுடுத்து வெறுங்காலோடு நடந்து செல்வோர் நம் ஊர்ச் சாலைகளிலும் உண்டு. பல்லாண்டு நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். கொதிக்கும் தார்ச்சாலை சுடுவது தெரியாது. இரவில் கொப்புளத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். நேர்ச்சையை விட வேண்டாம். காலணி அணிந்து நடங்கள், அல்லது பேருந்தில் செல்லுங்கள். தவக்காலத்தில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள். நோயுற்றோரை அக்கடமையிலிருந்து திருச்சபையே விலக்கியிருக்கிறது. வயது அறுபதை எட்டியவர்களுக்கும் அது கடமையன்று. இன்சுலின் போட்டுக்கொண்டு, அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். அப்படியும் நோன்பிருந்தே தீருவேன் என்பவர்கள், தவக்காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக வந்தால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதித் தருவோம். வரும்போது, முதுகில் வலியுள்ள கட்டி ஏதேனும் இருந்தால், சட்டையைக் கழற்றிக் காட்டக் கூச வேண்டாம்.