பையில் நிற்கும் தென்னம்பிள்ளைகளை மாரிக் குளிரில் காப்பது எப்படி?

கட்டைபறிச்சானிலும் அதனை அண்டிய ஊர்களிலும் சொந்தக் காணியில் இன்னும் குடியமர முடியாதிருக்கும் குடும்பங்களின் வளவுகளில், கிணற்றடியிலோ வேலியோரத்திலோ ஐந்தோ பத்தோ தென்னம்பிள்ளைகள் பொலித்தீன் பைகளில் நிற்பதைக் காணலாம். ஏன் இன்னும் நிலத்தில் வைக்கவில்லை என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "காணி எங்கட இல்லையே பாதர். வைச்ச தென்னை காணிக்காரருக்குத்தானே போகும்."

இது நியாயமான பதில். தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் எடுக்கும். அத்தனை காலம் அதே வளவில் இருப்போமா என்று தெரியாதவர் குழி வெட்டத் தயங்குவார். 2006ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதியிலிருந்து வெளியேறிய மக்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்ட பின்னரே பலர் தங்கள் மண்ணை மிதித்தார்கள். அனல்மின் நிலையத்துக்கென எடுக்கப்பட்ட காணிகளின் கதை வேறு. அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டும் காணி உரியவர்களிடம் வரவில்லை. அவ்விடத்தில் சூரிய மின் நிலையம் அமைக்க 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்நிலையில், பையில் நிற்கும் தென்னம்பிள்ளை அந்தக் குடும்பத்தின் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய தோட்டம் என்றே நாம் கருதுகிறோம். அது ஒரு மாரியில் அழுகிப் போனால், போவது ஒரு கன்று மட்டுமல்ல, ஓரிரண்டு ஆண்டு உழைப்பும் ஆகும்.

அழிவது பெரும்பாலும் மாரியில்தான். கோடையில் வாடும் பிள்ளையைக் கண்டவுடன் யாரும் தண்ணீர் ஊற்றுவார்கள். மாரியில் அழுகும் பிள்ளையோ வெளிக்குப் பச்சையாக நின்றுகொண்டே உள்ளே செத்துப்போகும்.

எமது கரையில் உறைபனி விழுவதில்லை. வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. அப்படியிருக்கக் குளிர் எங்கே வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். 2022 டிசம்பர் முற்பகுதியில் மாண்டஸ் சூறாவளி வங்கக் கடலில் சென்றபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரினால் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். உறைபனி இல்லாமலே ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. தென்னம்பிள்ளைக்கு நடப்பது அதே விதமான சாவு அல்ல. மரத்துக்கு உடற்சூடு கிடையாது. ஆனால் தென்னை வெப்பநாட்டு மரம். 27 பாகை அளவில்தான் அது நன்றாக வளரும். நாட்கணக்கில் வெயில் இல்லாது மண் குளிர்ந்து கிடக்கும்போது வேரின் ஓட்டம் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் பை முழுதும் நீர் நின்றால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் மூச்சுத் திணறும். நிலத்தில் நிற்கும் கன்றின் வேர் ஈரம் குறைந்த பக்கம் தேடிப் போகலாம். பையில் நிற்பதற்குப் போக்கிடம் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாழையின் தலை போனால் பக்கத்தில் குட்டி வரும். வேம்பை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். தென்னை, பனை, கமுகு ஆகிய மூன்றுக்கும் உள்ளது ஒரே ஒரு குருத்து. அது அழுகினால் மரம் முடிந்தது. குருத்தின் அடியில் மழைநீரும் தெறித்த சேறும் தங்கிக் குளிர்ந்து கிடப்பதே குருத்தழுகலை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு வேண்டிய இடம்.

குளிர்நாடுகளில் இதனை நன்கு அறிவார்கள். பிரான்சில் வேர்சாய் அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு பெரிய மண்டபம் உண்டு. தோடை மரங்களும் பனையின மரங்களும் மரத்தொட்டிகளில் ஒக்டோபரில் அதனுள் கொண்டுபோகப்பட்டு, மே மாதத்தில் மீண்டும் வெளியே வைக்கப்படுகின்றன. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எம்மவர்களும் கறிவேப்பிலையைச் சாடியில் வைத்து, முதல் உறைபனிக்கு முன் வீட்டுக்குள் தூக்கிவிடுகிறார்கள். சீனத்து விசிறிப்பனை போன்றவற்றை வெளியிலேயே விடுவோர் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, குருத்தில் வைக்கோல் வைத்து, மேலே மழை விழாதபடி மூடுவார்கள். குளிரையாவது அது தாங்கும், நனைந்த குளிரைத் தாங்காது என்பது அவர்களின் அனுபவம். அரண்மனை மண்டபம் எமக்குத் தேவையில்லை. ஆனால் வேரையும் குருத்தையும் நீர் தேங்காமல் வைக்கும் அந்த முறை எமக்கும் பொருந்தும்.

வேலை மாரி தொடங்குமுன், புரட்டாதியிலேயே ஆரம்பிக்க வேண்டும். முதலில் பையின் அடியைப் பாருங்கள். ஓட்டைகள் வேரினாலும் சேற்றினாலும் அடைபட்டிருக்கும். ஒரு கம்பியால் அவற்றைத் திறந்து, பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் மேலும் சில ஓட்டைகள் இடுங்கள். பிறகு பைகளை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். உடைந்த சீமெந்துக் கற்கள், பழைய பலகை, பிளந்த தென்னங்குற்றி என்று எது கிடைத்தாலும் போதும். அதுவும் இல்லையென்றால் அரை அடி உயரத்துக்கு மணல் மேடு போட்டு, சுற்றிவர வாய்க்கால் வெட்டி, நீர் ஓட வழிவிடுங்கள். பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி அவற்றின் மேல் பைகளை வைப்பதும் நல்லது. பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் காற்றில் சரியாது, உள்ளே மண்ணும் அவ்வளவு குளிராது.

வாடை வீசும் வடகிழக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி ஒன்று போடுங்கள். காற்றை முற்றாகத் தடுக்கும் தகரத்தை விடக் கிடுகே மேல். தகரத்தில் மோதிய காற்று மேலே ஏறி மறுபக்கத்தில் சுழன்று விழும். கிடுகு காற்றைச் சல்லடைபோல் விட்டு வேகத்தைக் குறைக்கும். அடைமழை நாட்களில் மேலே தறப்பாள் கட்டலாம். ஆனால் அது சரிவாகவும் நான்கு பக்கமும் திறந்தும் இருக்க வேண்டும். கன்றைப் பொலித்தீனால் போர்த்து இறுக்கிக் கட்டும் வழக்கத்தைச் சில இடங்களில் காண்கிறோம். அதனைச் செய்யாதீர்கள். மழை விட்டு வெயில் எறித்தவுடன் உள்ளே அவிந்துவிடும். வெயில் இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குள் இருட்டில் வைப்பதும் சூறாவளி போன்ற இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டுமே சரி. சூறாவளி எச்சரிக்கை வந்து, உள்ளே இடமும் இல்லையென்றால், பைகளைப் படுக்க வைத்து, ஓலை காற்றுக்கு எதிர்ப்பக்கம் நோக்கியிருக்கச் செய்து, காற்று ஓய்ந்ததும் நிமிர்த்துங்கள்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒக்டோபர் பிறந்த பின் பையிலுள்ள பிள்ளைக்கு யூரியா போட வேண்டாம். அது தரும் இளந்தளிர் மெதுமையானது, நோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும். அடுப்புச் சாம்பலை ஒரு கைப்பிடி மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். அதில் பொட்டாசியம் உண்டு. இலங்கைத் தென்னை வளர்ப்பில் தேங்காயின் தும்புச்சோறு பைக்கலவையில் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுகிறது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடைக்கு அது வரம். ஆனால் மாரிக்கு முன் பை மாற்றுவோர் அதைக் குறைத்து மணலைக் கூட்டுவது நல்லது.

மழை விட்ட ஒவ்வொரு காலையும் குருத்தைப் பார்ப்பது சிறுவர்களும் செய்யக்கூடிய வேலை. குருத்தில் சேறு இருந்தால் சுத்தமான நீரை மெல்ல ஊற்றிக் கழுவி, பையைச் சற்றுச் சரித்து வடியவிட வேண்டும். நடுக்குருத்து வெளிறி, மெதுவாக இழுத்தவுடன் கையோடு வந்து துர்நாற்றம் வீசினால் அது குருத்தழுகல். அந்தக் கன்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து எரித்துவிடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் செய்யுங்கள். பக்கத்தில் நின்ற கன்றுகளுக்குப் போர்டோக் கலவை தெளிக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு 5 லீற்றர் நீரிலும் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் வாளி எடுங்கள். சுத்தமான கத்தி அலகை அதில் தோய்த்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும். மயில்துத்தம் நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒரு மாரி கடந்தும் காணி கிடைக்காதவர்கள் என்ன செய்வது? முளைத்த தேங்காயின் உள்ளிருக்கும் பருப்பைப் பூரான் உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டும். ஏறக்குறைய ஓராண்டில் அந்தச் சாப்பாடு தீர்ந்துவிடும். அதன்பின் பை மண்ணையே கன்று நம்பியிருக்கும். ஓலை மஞ்சளித்துச் சிறுத்தால் குளிர்தான் காரணம் என்று எண்ணிவிடாமல், வேர் பைக்குள் சுற்றிக்கொண்டதா என்று பாருங்கள். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தூரிலிருந்து புதுவேர்கள் வந்துகொண்டே இருக்கும். ஆதலால் சுற்றிய வேரைச் சிறிது நறுக்கி, 50 கிலோ உரப்பையில் ஓட்டைகளிட்டு, மண் இரண்டு பங்கு, மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு நிரப்பி மாற்றலாம். இதனை மாரி ஓய்ந்த மாசியில் செய்யுங்கள். அதற்கு முன் வேண்டாம். கமுகங்கன்றையும் இவ்வாறே வளர்க்கலாம், அதற்கு நிழல் கூடுதலாக வேண்டும். பனையைப் பையில் வளர்க்க முயலாதீர்கள். முளைத்தவுடன் அது கிழங்கை நேரே ஆழத்துக்கு இறக்கும். காணி கிடைக்கும் நாளில் விதையை நேரே நிலத்தில் ஊன்றுவதே அதற்கு ஏற்றது.

உரப்பையில் நிற்கும் பெரிய பிள்ளையைப் புதுக்காணிக்கு ஏற்றும்போது ஓலைகளைச் சேர்த்து மெல்லக் கட்டுங்கள். தண்டில் பிடித்துத் தூக்காமல் பையின் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். மூன்றடிக் குழியின் அடியில் பொச்சுமட்டையைப் பரப்பி மண் போட்டு, பையைக் குழிக்குள் இறக்கிய பின்னரே கிழித்து எடுங்கள். மண்ணை வண்டுக்கட்டு மட்டம் வரை மட்டும் நிரப்பி, குருத்தின் அடி மண்ணுக்கு மேலே நிற்கும்படி விடுங்கள். பங்குனியில் கச்சான் தொடங்குமுன் வைத்தவர்கள் முதல் கோடை முழுதும் வாரம் இரண்டு முறையாவது நீர் ஊற்ற வேண்டும்.