எழுத்தட்டை இல்லாத படம்

"எனக்குப் பிரெஞ்சு ஓடாது. இங்கத்தைய பழைய படங்களை எப்படிப் பார்ப்பது?" என்று பாரிசின் லாச்சப்பலிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு நான் சொல்லும் படம் 'மெனில்மோந்தான்' (1926). லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெத்ரோ எடுத்தால் ஆறாவது தரிப்பின் பெயரும் அதுதான்.

மௌனப் படங்களில் வசனம் எழுத்தட்டையில் வரும். இதில் ஓர் அட்டைகூடக் கிடையாது. ஏறக்குறைய 40 நிமிடமும் முகங்களே கதை சொல்கின்றன. இயக்கிய திமித்ரி கிர்சானோஃப் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பிறந்து பாரிசுக்கு வந்தவர். சினிமாக் கொட்டகைகளில் செல்லோ வாசித்தவர். இன்னொரு மொழிக்குள் வந்து சேர்ந்த மனிதருக்குத்தான் சொல்லை விட்டுவிடும் துணிவு வரும் என்பது என் எண்ணம்.

கோடரிக் கொலையோடு படம் தொடங்குகிறது. பெற்றோரை இழந்த அக்காளும் தங்கையும் நகரத்தில் செயற்கைப் பூச் செய்து பிழைக்கிறார்கள். ஒரே ஆணிடம் இருவரும் ஏமாறுகிறார்கள். வேகமான வெட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் காட்சிகளும் அந்தக் காலப் பிரெஞ்சு இயக்குநர்கள் பலரிடம் உண்டு. கிர்சானோஃபின் பெருமை அந்த வாங்குக் காட்சி.

குளிர்காலம். கைக்குழந்தையோடு தங்கை வாங்கில் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு கிழவர் பாணும் இறைச்சியும் சாப்பிடுகிறார். அவளைப் பார்க்காமலே ஒரு துண்டை இருவருக்கும் நடுவில் வைக்கிறார். அவள் தயங்கி எடுக்கிறாள். மெல்லும்போதே அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது. தங்கையாக நடித்த நாதியா சிபிர்ஸ்காயாவின் முகத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. எங்கள் அம்மம்மா பசித்து வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவா. நின்று பார்த்தால் சாப்பிடுகிறவர் கூசுவார் என்பா. கிழவரின் பாராமுகமும் அந்தக் கண்ணியம்தான்.

இந்தப் படம் தப்பிப் பிழைத்தது. இதற்கு முன் கிர்சானோஃப் எடுத்த படம் தொலைந்துவிட்டது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், அதுவும் இல்லை. பிலிமைப் பேண ஆளில்லாமல் போனால் கலை இப்படித்தான் அழியும். நாங்கள் மட்டும் என்ன செய்கிறோம்? பாரிசில் எங்கள் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களும் மேடை நாடகப் பதிவுகளும் வீடியோ நாடாக்களாக எத்தனை நிலவறைகளில் கிடக்கின்றன! உங்களிடம் ஒன்றாவது இருந்தால், பூஞ்சணம் பிடிக்கமுன் பிரதி எடுத்து வையுங்கள்.