பழைய பற்சக்கரங்களை இனங்காணுதல்

ஒரே ஒரு பற்சக்கரம் உடைந்தால், கடைசல் இயந்திரம் முழுவதுமே முடங்கிவிடக்கூடும். கழிக்கப்பட்ட இயந்திரங்களிலிருந்து எடுத்து வைக்கப்படும் பற்சக்கரங்கள் அப்போது சிறு பட்டறைகளுக்குக் கைகொடுக்கின்றன. ஆனால், பற்கள் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவதைக் கொண்டு அவை பொருந்தும் என முடிவு செய்தலாகாது. பொருந்தாத சக்கரம் இரைச்சலிடும், விரைவில் தேயும், இணைச் சக்கரத்தையும் கெடுக்கும்.

இரு அளவு முறைகள்

1956ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, மெட்ரிக் அளவுமுறை நம் நாட்டில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க இயந்திரங்களின் பற்சக்கரங்களோ பெரும்பாலும் அங்குலக் கணக்கில் அமைந்தவை. பிட்ச் வட்ட விட்டத்தில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை பற்கள் என்பதே 'டயாமெட்ரல் பிட்ச்' ஆகும். மெட்ரிக் முறையில், அவ்விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 'மாடுல்' கிடைக்கும். 25.4ஐ டயாமெட்ரல் பிட்ச்சால் வகுத்தால் அதற்கு இணையான மாடுல் பெறப்படும்.

முதற் சோதனை

பிட்ச் வட்டம் கற்பனையானது. நேரடியாக அளக்க இயலாது. எனவே, வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையுடன் 2 கூட்டி வந்த தொகையால் வகுக்க வேண்டும். 38 பற்கள் கொண்ட சக்கரத்தின் வெளிவிட்டம் 100 மி.மீ. எனில் மாடுல் 2.5, 101.6 மி.மீ. எனில் 2.54, அதாவது டயாமெட்ரல் பிட்ச் 10. பற்கள் ஒற்றைப்படையாயின் ஒரு பல்லுக்கு நேரெதிரே பள்ளமே அமையும். அந்நிலையில் துளையின் விளிம்பிலிருந்து பல் முனை வரை அளந்து, அதனை இரட்டித்து, துளையின் விட்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இச்சோதனை மட்டும் போதாது. குட்டைப் பற்களும் திருத்தி வெட்டிய பற்களும் வெளிவிட்டத்தை மாற்றிவிடும். மேலும், அழுத்தக் கோணம் பழைய சக்கரங்கள் பலவற்றில் 14.5 பாகை, இக்காலச் சக்கரங்களில் பெரும்பாலும் 20 பாகை. வெளிவிட்டம் இதனைக் காட்டாது.

இரண்டாம் சோதனை

வெர்னியர் காலிப்பரின் தாடைகளுக்கிடையே முதலில் 4 பற்களையும் பின்னர் 5 பற்களையும் அடக்கி அளந்து, வேறுபாட்டைக் காண வேண்டும். மேற்கண்ட 38 பல் சக்கரத்தில் இவ்வேறுபாடு, மாடுல் 2.5 ஆயின், 20 பாகைக்கு 7.38 மி.மீ., 14.5 பாகைக்கு 7.60 மி.மீ.; டயாமெட்ரல் பிட்ச் 10 ஆயின், முறையே 7.50, 7.73 மி.மீ. நான்கும் வெவ்வேறு எண்களாதலால் ஐயம் நீங்கும். இணைச் சக்கரம் உராயாத, தேயாத ஓரத்தில் அளப்பது அவசியம்.

இயந்திரத்தின் அச்சுகளுக்கிடையேயான தூரமும் சான்று பகரும். இரு சக்கரங்களின் பற்கள் மொத்தம் 100 எனில், இத்தூரம் மாடுல் 2.5க்கு 125 மி.மீ.; டயாமெட்ரல் பிட்ச் 10க்கு 127 மி.மீ.

இயந்திரத்தைக் கழிக்கும்பொழுதே பற்களின் எண்ணிக்கை, மாடுல் அல்லது பிட்ச், அழுத்தக் கோணம், துளை, அகலம் ஆகியவற்றைக் குறித்த சீட்டை ஒவ்வொரு சக்கரத்திலும் கட்டிவிடுவது நலம். அச்சீட்டு இல்லாத சக்கரம் வெறும் பழைய இரும்பே. சீட்டு உள்ள சக்கரம் மற்றோர் இயந்திரத்தின் உதிரிப் பாகமாகும்.