உங்களுக்குத் தெரியுமா? உத்தரம் நாகசுரமாகும் ஊர்

தஞ்சாவூர் மாவட்டத்தில், ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யப் புதுமரம் வாங்குவதில்லை. இடிக்கிற பழைய வீடுகளின் தூணையும் உத்தரத்தையும்தான் தேடிப்போய் வாங்குகிறார்கள். மரம் ஆச்சாவாக இருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் காய்ந்திருக்க வேண்டும்.

ஆச்சாவின் வைரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். பச்சையாகக் கடைந்தால் பின்னால் வெடித்துவிடும்.

ஒரு சாண் நீளமில்லாத மரப்பேனாவைக் கடைபவர்களே நடுத்துளை கோணாமல் இருக்கப் பாடுபடுவார்கள். இங்கே கட்டை இரண்டடிக்கும் மேல் நீளம். கடைசல் பட்டறையில் அதைச் சுழலவிட்டு, நீண்ட துளைக்கம்பியைச் செலுத்தி, மேலே குறுகிக் கீழே விரியும்படி குடைகிறார்கள். துளை சற்று விலகினாலும் சுருதி சேராது. ஏழு விரல்துளைகள் அதற்குப் பிறகுதான்.

முன்பு சுருதி உயர்ந்த திமிரி நாகசுரமே வழக்கில் இருந்தது. நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்ததுதான் சுருதி இறங்கிய, நீண்ட பாரி நாகசுரம். எத்தனை பெரிய கொடை அது!

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் ஊரில் பழைய வீட்டை இடிக்கிறார்களா? விறகுக்குப் போடும் முன், உத்தரம் ஆச்சாவா என்று ஒருமுறை பாருங்கள்.