படகு மோட்டாரின் செல்ப் இயங்காவிட்டால் என்ன செய்வது?

சென்னையில் மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்திலும், அடையாற்று முகத்துவாரத்தின் இருபுறமும் உள்ள சீனிவாசபுரம், ஊரூர் ஆல்காட் குப்பம் ஆகிய இடங்களிலும் மணல்மீது வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளை அன்பர்கள் கண்டிருக்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் பலவற்றின் இடத்தை இப்படகுகளே பெற்றன. பாயும் துடுப்பும் செய்த வேலையை இன்று மோட்டார் செய்கிறது. முகத்துவாரத்து மணல் திட்டின்மேல் அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றுவிட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். ஆகவே மோட்டார் சொன்னவுடன் கிளம்புவது உயிர் பற்றிய விஷயமாகும்.

படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை 1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் வெற்றிகரமாகச் செய்து விற்கத் தொடங்கினார். மோட்டார் வண்டிகளுக்கான மின்சார ஸ்டார்ட்டரை 1911-இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது இடம் பெற்றது. பின்னர் படகு மோட்டாருக்கும் அது வந்து சேர்ந்தது. நம் நாட்டில் மீன்பிடி படகுகளுக்கு யந்திரம் பூட்டும் பெருமுயற்சி, 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின்படி கேரளத்து நீண்டகரையில் தொடங்கிற்று.

சிறு படகுகளில் கயிறு இழுத்துக் கிளப்பும் மோட்டார்களே மிகுதி. எனினும் செல்ப் வைத்த பழைய மோட்டாரை வைத்துப் பேணுவோருக்கு ஓர் உண்மை தெரிந்திருக்க வேண்டும். "செல்ப் போய்விட்டது" என்று கழற்றி எறியப்படும் மோட்டார்களில் பல நல்ல நிலையில் உள்ளவை; பழுது கம்பியிலோ இணைப்பிலோ இருக்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியையே மாற்றுவதில்லை. இழையைத் தேடி முடி போடுகிறார். இங்கும் அதுவே வழி. டிராக்டர் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

மின்சாரம் செல்லும் பாதை இரண்டு. பாட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியே சாலினாய்டு சுவிட்சுக்கும், அங்கிருந்து செல்ப் மோட்டாருக்கும், யந்திர உடல் வழியாக எர்த் கேபிளில் மீண்டும் பாட்டரிக்கும் செல்வது பெரும் பாதை. பாட்டரியிலிருந்து பியூஸ், சாவி, நியூட்ரல் சுவிட்சு ஆகியவற்றைக் கடந்து சாலினாய்டின் சிறு முனைக்குச் செல்வது சிறு பாதை. கியர் விழுந்திருக்கையில் யந்திரம் கிளம்பாதபடி காப்பதே நியூட்ரல் சுவிட்சின் வேலை. சிறு பாதை கட்டளையிடும். பெரும் பாதை வேலை செய்யும்.

சோதனைக்கு முன், காற்றோட்டமான இடத்தில் பெட்ரோல் ஆவி அகல விடுங்கள். ஸ்பார்க் பிளக் கம்பிகளைக் கழற்றி யந்திர உடலோடு எர்த் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். சுழலும் சக்கரத்தின் அருகே கையும் துணியும் வேண்டாம். பின்னர் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு கீழ்க்கண்ட முறையில் செல்க:

1. பாட்டரி: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைவான சார்ஜ். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுக. செல்ப் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரி தளர்ந்ததாகலாம், அல்லது யந்திரமே இறுகியிருக்கலாம்.

2. சத்தம்: சாவி திருப்பியும் சத்தமே இல்லையெனில் சிறு பாதையைப் பாருங்கள். "டக்" என்ற ஒலி மட்டும் கேட்டால் பெரும் பாதையைப் பாருங்கள். "டக டக" என அடுக்காக ஒலித்தால் பாட்டரியோ இணைப்போ பலவீனம். செல்ப் சுழன்றும் யந்திரம் சுழலாவிடில் அதன் பற்சக்கரம் சிக்கியுள்ளது.

3. சிறு பாதை: மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் நெகடிவில் வைத்து, பியூசிலிருந்து சாலினாய்டின் சிறு முனை வரை படிப்படியாகத் தொட்டு வாருங்கள். வோல்ட் எங்கே மறைகிறதோ அதற்குச் சற்று முன்னே பழுது. சிறு முனை வரை வோல்ட் வந்தும் ஒலியில்லையெனில், சாலினாய்டின் எர்த்தைப் பாருங்கள். அதுவும் சரியானால் சாலினாய்டே பழுது.

4. பெரும் பாதை: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கையில் சாலினாய்டின் இரு பெரிய முனைகளிலும் ஏறத்தாழ ஒரே வோல்ட் இருத்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் உள்ளே முனைகள் கருகிவிட்டன.

5. எர்த்: அதே நிலையில் பாட்டரி நெகடிவுக்கும் யந்திர உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு கெட்டுள்ளது. எர்த் செம்மையாக இருந்து, செல்ப் முனைக்கும் வோல்ட் வந்து, அது சுழலாவிட்டால்தான் செல்ப் மோட்டாரைக் கழற்றி உள்ளே கரித்துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

ஒரு தடவையில் பத்து விநாடிக்கு மேல் செல்ப்பைச் சுழற்றலாகாது; ஆறவிட்டுத் தொடர்க.

உப்புக்காற்று செம்புக் கம்பியின் உறைக்குள்ளேயே ஊர்ந்து பச்சை பூக்கச் செய்யும். வெளியே உறை நன்றாகத் தோன்றினும் உள்ளே கம்பி பொடியாகியிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, ஈயம் பூசிய கம்பியால், பழைய கனத்துக்குக் குறையாமல், முனைகளை இறுக அழுத்தி இணையுங்கள். வேலை முன்பும் பின்பும் ஒரு விதி உண்டு: பாட்டரியைக் கழற்றுகையில் நெகடிவ் முதலில், மாட்டுகையில் நெகடிவ் கடைசியில்.

இரண்டு எச்சரிக்கைகள். புதுப்பேட்டையில் பழைய கார் சாலினாய்டு எளிதாகக் கிடைக்கும். உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிலவற்றில் சுருள் தன் உடல் வழியே எர்த் பெறும். படகு மோட்டாரின் சாலினாய்டுகள் பலவற்றில் சிறு முனைகள் இரண்டும் சுருளுக்கே உரியவை. ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குக. மேலும் பெட்ரோல் ஆவி தேங்கும் இடத்தில் தீப்பொறி வெளிவராதபடி மூடிய படகு உபகரணமே பாதுகாப்பானது.

அடுத்தது, பழைய மோட்டார்களின் மாக்னெட்டோ. அது பாட்டரியின் உதவியின்றித் தானே தீப்பொறி தரும். நிறுத்தும் கம்பியை எர்த் செய்தால் நின்றுவிடும். அக்கம்பியில் பாட்டரி மின்சாரம் ஏறினால் மாக்னெட்டோ கெடும். சாவிக்குள் உப்பு படிந்தாலும் இவ்விபத்து நேரலாம். ஆகவே சாவியை ஈரம் படாமல் வைத்துக்கொள்க. இதே மாக்னெட்டோ நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. பாட்டரி செத்தாலும் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்ப வாய்ப்புண்டு. செல்ப் இருக்கிறதே என்று கயிற்றைக் கரையில் விட்டுச் செல்வோர், கடலில் கைவிடப்பட்டவராவர்.

மல்டிமீட்டர் ஒன்று, கம்பி முனைகள், அழுத்தும் இடுக்கி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண். சங்கத்தின் பொதுப் பெட்டியில் வைத்து, சோதித்த தேதியையும் கண்ட வோல்ட்டையும் குறிப்பேட்டில் எழுதி வந்தால், அடுத்த பழுது தானே தன் வழியைக் காட்டும். பலர் கைக்கும் ஒரு கருவி பயன்படுவதே கூட்டுறவின் பொருள் அன்றோ?