சிறிய பணப்பை, பெரிய சந்தை

ஐப்பசி மாதம் கழிந்துவிட்டால் அமெரிக்க நாட்டின் பேஸ்போல் மைதானங்கள் யாவும் மூடப்பட்டுவிடும். ஆட்டக்காரர் தத்தம் வீடு செல்வர். வடபுறத்து மைதானங்களைப் பனி மூடும். எனினும் இரசிகர்க்கு ஓய்வில்லை. மைதானத்திலே ஆட்டம் முடிந்ததும் காரியாலயங்களிலே மற்றோர் ஆட்டம் தொடங்கிவிடுகின்றது. எவரை வைத்திருப்பது, எவரைப் போகவிடுவது, எவரை என்ன விலைக்கு வாங்குவது என்னும் பேரம் மாசி மாதம் வரையில் நீளும்.

செல்வம் மிக்க குழுக்களுக்கு இது திருவிழாக் காலம். வருவாய் குறைந்த குழுக்களுக்கோ கடன்காரன் வாயிலிலே வந்து நிற்கின்ற காலம். கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரின் 'அத்லெற்றிக்ஸ்' என்னும் குழு 2001ஆம் ஆண்டு மாரியிலே இவ்வாறு நின்றது. அந்த ஒரு மாரிகாலத்தின் கதையையே இங்கு கூறப் புகுந்தோம்.

அவ்வாண்டு அக்குழு 162 ஆட்டங்களில் 102 ஆட்டங்களை வென்றிருந்தது. பின்னர் நடந்த முடிவுச் சுற்றிலே நியூயோர்க் யாங்கீஸ் குழுவை எதிர்த்து, ஐந்து ஆட்டங்களில் முதலிரண்டையும் வென்று, எஞ்சிய மூன்றையும் தோற்றது. தோல்வியின் வடு ஆறுமுன் அடுத்த இடி விழுந்தது. அந்நாட்டு விதிப்படி, ஆறாண்டு சேவை முடித்த ஆட்டக்காரர் தம் ஒப்பந்தம் தீர்ந்ததும் தாம் விரும்பிய குழுவுக்குச் செல்லலாம். அவ்வாறு செல்லும் உரிமை பெற்று நின்றோர் மூவர். குழுவின் தூணாக விளங்கிய ஜேசன் ஜியாம்பியை ஏழாண்டுக்கு 12 கோடி டொலர் கொடுத்து யாங்கீஸ் குழுவே அழைத்துக்கொண்டது. ஜொனி டேமன் நான்காண்டுக்கு 3 கோடி 10 இலட்சம் டொலருக்குப் பொஸ்டன் சென்றார். ஆட்டத்தின் இறுதிச் சுற்றிலே பந்தெறிந்து வெற்றியைக் காத்துக்கொடுத்த ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் 2 கோடி 70 இலட்சத்துக்குச் சென். லூயிஸ் நகரைச் சேர்ந்தார்.

2002ஆம் ஆண்டிலே ஓக்லாந்துக் குழு தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்து ஒதுக்கிய சம்பளமே ஏறக்குறைய 4 கோடி டொலர்தான். யாங்கீஸ் குழுவோ அதனினும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட தொகையைச் செலவிட்டது. ஜியாம்பிக்குச் சராசரியாக ஓராண்டுக்கு விழும் ஊதியம் 1 கோடி 70 இலட்சத்துக்கும் அதிகம். முழுக் குடும்பத்தின் உலைக்கும் உள்ள அரிசியிற் பாதியை ஒருவரின் இலைக்கே பரிமாறுவது எங்ஙனம்? 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடன் நீண்ட ஒப்பந்தம் ஒன்று ஏறக்குறையக் கைகூடியிருந்தது என்பதும் உண்மையே. தம்மை வேறு குழுவுக்கு மாற்றுவதில்லை என்ற உறுதியை அவர் கேட்டார். குழுவின் உரிமையாளர் அதற்கு இசையவில்லை.

இத்தகைய ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் யாதெனில், பெருநகரக் குழுக்களுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களால் வந்து குவியும் பணமும், சம்பளத்துக்கு உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படாமையுமேயாம். ஓக்லாந்து எக்காலத்தும் வறிய குழுவாக இருந்ததென்று எண்ணவும் வேண்டா. வோல்ற்றர் ஹாஸ் என்னும் பெருமகன் உரிமையாளராயிருந்த 1991ஆம் ஆண்டிலே அனைத்துக் குழுக்களினும் கூடிய சம்பளம் கொடுத்தது அதுவே. 1995இல் அவர் மறைந்தார். புதிய உரிமையாளர் பணப்பையின் வாயை இறுகக் கட்டினர்.

குழுவின் பொது முகாமையாளர் பில்லி பீன். இவர் வரலாறு சுவையானது. 1980ஆம் ஆண்டிலே நெடிய உருவமும் வேகமும் கொண்ட இளைஞராயிருந்த இவரைக் கண்ட தேர்வாளர்கள், 'எதிர்கால நட்சத்திரம்' என்று முதற் சுற்றிலேயே தெரிவு செய்தனர். ஆனால் பெரிய அரங்கிலே இவர் சோபிக்கவில்லை. ஈற்றில் ஆட்டத்தைத் துறந்து, தேர்வாளர் வேலையைத் தாமே கேட்டுப் பெற்றார். தோற்றத்தைக் கண்டு விலை மதிப்போர் எத்துணை ஏமாறுவர் என்பதற்கு இவரே நடமாடும் சான்று! இவருக்குத் துணையாயிருந்தவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே பொருளியல் பயின்ற போல் டிபொடெஸ்டா.

இவ்விருவரும் தம்மை வினவிய வினா, 'ஜியாம்பியைப் போன்ற மற்றொருவர் எங்கே?' என்பதன்று. அத்தகையவர் கிடைத்தாலும் வாங்கப் பணமில்லை. 'ஜியாம்பி நமக்குத் தந்தது யாது? அதைச் சிறிது சிறிதாக வேறிடங்களில் வாங்கலாமா?' என்பதே அவர்கள் வினா.

இங்கு ஆட்டத்தின் ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். பேஸ்போல் ஆட்டத்திலே ஒரு குழுவுக்கு ஒன்பது சுற்றுகள். சுற்றுக்கு மூவர் ஆட்டமிழக்கலாம். ஆகவே கையிருப்பு 27 ஆட்டமிழப்புகள் மட்டுமே. அவை தீருமுன் ஓட்டங்களைச் சேர்த்தல் வேண்டும். பந்தை அடித்து முதலாம் தளத்தை அடைவது ஒரு வழி. எறிபவர் குறிதவறி நான்கு பந்துகளை வீச, அவற்றை அடிக்காது பொறுமையோடு விட்டுவிட்டுத் தளத்துக்கு நடந்து செல்வது மற்றொரு வழி. பழைய கணக்கு, அடித்தவரையே போற்றியது. பொறுத்தவரைக் கணக்கிலே சேர்க்கவில்லை. ஆனால் ஓட்டம் பெறுவதற்கு இரண்டும் பயன்படும். 1977 தொடக்கம் இதனை எடுத்துரைத்துப் புத்தகங்கள் வெளியிட்டு வந்தவர் பில் ஜேம்ஸ் என்பவர். கான்சாஸ் மாநிலத்திலே ஓர் உணவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலாளராயிருந்து இக்கணக்குகளை எழுதியவர் அவர். இரசிகர் படித்தனர்; குழுக்களின் முகாமையாளர்களோ நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

2001இல் ஜியாம்பி ஆயிரம் முறைக்கு 477 முறை என்ற வீதத்திலே தளத்தை அடைந்திருந்தார். அது பெருஞ் சாதனை. ஆனால் 3 கோடிக்குச் சென்ற டேமனின் வீதம் 324 மட்டுமே. சந்தை எதனை விலைகொடுத்து வாங்குகின்றது, எதனைக் குப்பையிலே வீசுகின்றது என்பது இதனால் விளங்கிற்று.

வீசப்பட்டோரில் ஒருவர் ஸ்கொட் ஹற்றபேர்க். இவர் பொஸ்டன் குழுவிலே, கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போன்று அடிப்பவருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பற்றுபவர். முழங்கையின் நரம்பு பழுதாகியமையால் பந்தைச் சரிவர எறிய இயலாதவரானார். எறிய இயலாதவருக்கு அவ்விடத்தில் என்ன வேலை? பொஸ்டன் அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்தது. கொலராடோ சில நாட்களிலே கைவிட்டது. ஓக்லாந்துக் குழுவினரோ அவர் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தனர். நல்ல பந்தையும் தீய பந்தையும் பிரித்தறிந்து பொறுமை காக்கும் அரிய திறமை அவரிடம் இருந்தது. ஓராண்டுக்கு 9½ இலட்சம் டொலருக்கு அவரை அமர்த்தி, அதிகம் எறியத் தேவையில்லாத முதலாம் தளத்திலே நிறுத்தினர். அது ஜியாம்பி நின்ற இடம்! ஹற்றபேர்க்கோ அவ்விடத்தில் முன்னர் நின்று பழகியவரல்லர். மாரிகாலத்திலே ஒரு டெனிஸ் மைதானத்துக்குச் சென்று, மனைவியார் பந்தை உருட்டி அடிக்க, அவர் ஓடி ஓடிப் பிடித்துப் பழகினார் என மைக்கல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் தமது நூலிலே எழுதுகின்றார். பிழைப்பு கையை விட்டுப் போகவிருந்த குடும்பத் தலைவர் ஒருவரின் படம் இது.

முதுமை எய்தியவரென்று கருதப்பட்ட டேவிட் ஜஸ்டிஸ் என்பவரையும் குழு பெற்றுக்கொண்டது. அவர் கால்களிலே வேகம் குறைந்திருந்தது, பொறுமை குறையவில்லை. இஸ்ரிங்ஹவுசன் நின்ற இடத்துக்கு ரொறன்ரோவிலிருந்து பில்லி கொக் என்பவரை மாற்றாகப் பெற்றனர். அவ்விடத்து வேலை, பெயருக்குத் தக்கபடி அத்துணை அரியதன்று என்பது அவர்கள் கணிப்பு. கொக் அடுத்த ஆண்டிலே 44 வெற்றிகளைக் காத்தார். அவர் விலை ஏறியதும் அம்மாரியிலேயே அவரைச் சிக்காகோவுக்குக் கொடுத்து வேறொருவரைப் பெற்றனர். மலிந்த காலத்திலே வாங்கி, ஏறிய காலத்திலே விற்கும் கடைக்காரரின் தந்திரமன்றோ இது!

போனவர்களாலும் ஓர் இலாபம் இருந்தது. அன்றைய விதிப்படி, ஒருவரை இழந்த குழுவுக்கு இளைஞரைத் தெரிவு செய்யும் மேலதிக வாய்ப்புகள் ஈடாகக் கிடைத்தன. ஆகவே 2002இலே முதற் சுற்றிலும் அதனையொட்டிய மேலதிகச் சுற்றிலுமாக ஓக்லாந்துக்கு ஏழு வாய்ப்புகள். அந்த எழுவரில் மூவர் நெடுங்காலம் ஆடினர். மூவர் பெரிய அரங்கை எட்டவேயில்லை. விதைத்தவை யாவும் முளைப்பதில்லை.

பருவத்தின் தொடக்கம் நன்றாயில்லை. மே மாதத்திலே வெற்றிகளினும் தோல்விகள் மிகுந்திருந்தன. பின்னர் ஓகஸ்ட் 13ஆந் திகதி தொடங்கிய வெற்றி அறாது தொடர்ந்தது. செப்டெம்பர் 4ஆந் திகதி கான்சாஸ் நகரக் குழுவுடன் இருபதாவது ஆட்டம். 11-0 என முன்னின்ற ஓக்லாந்து, 11-11 என்னும் நிலைக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் சுற்றிலே மாற்றாளாக வந்து நின்றவர் ஹற்றபேர்க். அவர் அடித்த பந்து வேலிக்கு அப்பாற் சென்று விழுந்தது. அமெரிக்கன் லீக்கிலே அதுவரை எக்குழுவும் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றதில்லை. 2017இலே கிளீவ்லாந்து 22 வெற்றிகளால் அதனை முறியடித்தது. அவ்வாண்டு முடிவிலே ஓக்லாந்து பெற்ற வெற்றிகள் 103. யாங்கீஸ் பெற்றவையும் 103. ஆயினும் முடிவுச் சுற்றிலே மினசோட்டாவிடம் ஓக்லாந்து தோற்றது.

இக்கதை 2003இல் 'மணிபோல்' என்னும் நூலாகவும் 2011இல் திரைப்படமாகவும் வந்து உலகெங்கும் புகழ்பெற்றது. எனினும் அதிலே போதிய இடம் பெறாத ஓர் உண்மையை நாம் மறைத்தல் தகாது. 2002இன் 103 வெற்றிகளில் 57ஐ ஈட்டியவர்கள் பாரி சீற்றோ, மார்க் மல்டர், ரிம் ஹட்சன் என்னும் மூன்று இளம் பந்து வீச்சாளர்களே. ஆறாண்டு நிறையாத இளைஞராகையால் அவர்கள் மலிவாக ஆடினர். அறிவினால் வந்த வெற்றியிலே அந்த விதிக்கும் பெரும் பங்குண்டு. 2004 டிசெம்பரிலே ஹட்சனும் மல்டரும் வேறு குழுக்களுக்கு மாற்றப்பட்டனர். சீற்றோ 2006 முடிவிலே 12 கோடி 60 இலட்சம் டொலருக்கு அயல் நகரமாகிய சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றார்.

செல்வரும் விரைவிலே இப்பாடத்தைக் கற்றுக்கொண்டனர். பில் ஜேம்ஸைப் பொஸ்டன் தன்பால் அமர்த்திக்கொண்டது. பீனையும் அழைத்தது, அவர் செல்லவில்லை. 2004இலே பொஸ்டன் 86 ஆண்டுகளுக்குப் பின் மகுடம் சூடிற்று. அறிவும் பணமும் ஓரிடத்திற் சேர்ந்தபின் அறிவை மட்டும் வைத்திருப்பவன் என் செய்வான்?

இரசிகர் நிலையை நினைக்கையிலே நமக்கு இரக்கம் தோன்றுகின்றது. மகனுக்கு ஜியாம்பியின் பெயர் பொறித்த சட்டை வாங்கிக்கொடுத்த தந்தைக்கு, தள வீதமும் சந்தை விலையும் என்ன ஆறுதல் தரும்? அந்த ஜியாம்பி 2002இலே யாங்கீஸ் குழுவுக்காக 41 ஹோம் ரன்கள் அடித்தார்! சிக்கனத்தால் வெல்லலாம் என்று ஒருமுறை காட்டிவிட்டமையால், உரிமையாளர் என்றென்றும் சிக்கனம் பிடிப்பதற்கு அது சாக்காகிவிட்டதோ என்றும் ஐயுறுகின்றோம்.

2024 செப்டெம்பர் 26ஆந் திகதி ஓக்லாந்து மைதானத்திலே அக்குழு தனது கடைசி ஆட்டத்தை ஆடி, டெக்சாஸ் குழுவை 3-2 என வென்றது. 1968 முதல் இருந்துவந்த வீட்டை விட்டு, லாஸ் வேகாஸ் நகரிலே புதிய மைதானம் எழும்வரை சாக்கிரமென்ரோவின் அருகேயுள்ள சிறிய மைதானமொன்றிலே குடியேறிற்று. கூடைப்பந்தாட்டக் குழுவும் அமெரிக்கக் கால்பந்தாட்டக் குழுவும் முன்னரே பெயர்ந்துவிட்டமையால், ஓக்லாந்து நகரத்துக்குப் பெரிய குழு எதுவும் இல்லாது போயிற்று. அம்மாரியிலே, டிசெம்பர் மாதத்தில், லூயிஸ் செவரினோ என்னும் பந்து வீச்சாளருக்கு மூன்றாண்டுக்கு 6 கோடி 70 இலட்சம் டொலர் கொடுக்க அக்குழு உடன்பட்டது. அந்நாள்வரை அதன் வரலாற்றிலே எவருக்கும் உறுதியளித்த தொகைகளில் அதுவே பெரியது.